எண் சொல்லிக் கூப்பிடக் கூடாது

இறந்த மனைவிக்கான உடுப்புப் பையைக் கொடுத்துவிட்டு அவன் திரும்பி நடக்கும்போதே பிணவறை வாசலிலிருந்து அந்த அம்மாள் கூப்பிட்டாள்.

"எங்க போறீங்க தம்பி? உடம்ப நீங்க துடைச்சு விடுறீங்களா, நாங்க பண்ணட்டுமா?"

அவளை அவன் இதற்குமுன் பார்த்ததே இல்லை. எட்டு மாதம் மனைவியுடன் இங்கே வேலை பார்த்தவள். ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்று மனைவி கேட்டபோது, அவன்தான் வேண்டாமென்றான்.

"நீங்களே பண்ணிடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார், "மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்? சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. பதினோரு மணிக்கு வண்டி வந்துடும்" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பேங்க்ல ஏசியில ராணி மாதிரி உக்காந்திருந்தவ. இந்த வேலைதான் அவள முழுங்கிடுச்சு."

மனைவியின் மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்திருந்தது. முப்பத்தொரு வயது. டாக்டர் இரண்டு முறை விளக்கிவிட்டார். மாமியார் காதில் ஏறவில்லை.

அந்த அம்மாள் நகரவில்லை. "எங்க பேங்க்கு இருந்தா, உங்களக் கேக்காம தண்ணியத் தொட விடமாட்டா. அதான் கேட்டேன்."

"பேங்க்கா?"

"இங்க அவ பேரு அதுதான். வந்த அன்னிக்கே மயங்கி விழுந்துட்டா. மறுநாள் வரமாட்டான்னு பந்தயம் கட்டினோம். வந்து என்னையே ஏவ ஆரம்பிச்சிட்டா!" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவன் உள்ளே போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை.

எஃகு மேசை. வெள்ளைத் துணி. கால் கட்டைவிரலில் ஒரு எண் அட்டை.

வங்கியில் அவனுக்கும் மனைவிக்கும் பக்கத்துப் பக்கத்துக் கவுன்ட்டர். "தினம் இருநூறு டோக்கன் கூப்பிடுறேன். ஒரு முகம்கூட ஞாபகம் இல்ல" என்றாள் ஒருநாள். "சம்பளத் தேதி ஞாபகம் இருக்குல்ல?" என்றான் அவன். அடுத்த மாதம் அவள் இங்கே சேர்ந்தாள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கிறாள் என்று அவன் வங்கியில் சொல்லி வைத்தான். அவள் இங்கே குளித்துவிட்டு வந்து வீட்டிலும் குளிப்பாள். அப்படியும் அவள் தட்டை நீட்டினால், "வை, எடுத்துக்கறேன்" என்பான். படுக்கையில் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வான். எட்டு மாதம்.

கிண்ணத்து வெந்நீரில் ஒரு துணியை நனைத்துக்கொண்டு கால் பக்கம் போனான்.

"அங்கேர்ந்து இல்ல தம்பி. முகம் முதல்ல. பேரச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப் போறோம்னு சொல்லணும். பேங்க்கு போட்ட சட்டம். நம்பர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆள் தெரியாம வந்தா ஐயா, இல்லன்னா அம்மா. ஒருதடவ வாய் தவறி நம்பர் சொல்லிட்டு அவகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"சொன்னா கேக்குமா இவங்களுக்கு?"

"கேக்காது. நானும் இதையேதான் கேட்டேன். 'நம்ம காதுல விழுந்தா போதும்க்கா'ன்னா."

அவன் வாயைத் திறந்தான். 'இந்தா', 'ஏய்' என்றே வருஷங்கள் ஓடியிருந்தன. மூன்றாம் முறை முயன்றபோதுதான் பெயர் வந்தது.

"முகம் துடைக்கப் போறேன்."

நெற்றி. புருவம். காது மடலின் பின்புறம். கழுத்து.

"வலது கையத் தூக்கப் போறேன்."

கை அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சோப்பு அரித்து விரலிடுக்குகள் வெடித்திருந்தன. சிலது ஆறியது, சிலது புதுசு. எப்போதிலிருந்து என்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். அந்த அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு, மடித்த உடுப்பையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"என்ன பண்றீங்க மாப்பிள்ளை உள்ள? வண்டி வந்து நிக்குது."

"இன்னும் இடது கை இருக்கு, அத்தை."

கிண்ணத்துத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்தான். முதலில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. வெதுவெதுப்பாகும்வரை அதனடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.