பாதி டிஸ்க்

புடவை முந்தியில் கடைசி யானைக்குத் தும்பிக்கை வைத்து முடித்த நேரம் பார்த்து, சேமிக்க இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. இளஞ்செழியன் இரண்டு பழைய படங்களை அழித்துப் பார்த்தான். யானை உள்ளே போனது, ஆனால் அடுத்த புடவைக்கு இடமில்லை. ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். அவன் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பினால், தறிக்கு மேலே இருக்கிற பெட்டி அதைப் படித்து இழைகளைத் தூக்கிக் கொடுக்கும். பழைய டிசைன்களில் கை வைக்க முடியாது. ஜவுளிக்கடை தனகோடி திடீரென்று போன் செய்து, எப்போதோ போட்ட பார்டரை அப்படியே எடு, உடம்பை மட்டும் மாற்று என்பார். இல்லை என்றால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், ஊரில் ஆளுக்கா பஞ்சம்.

அவன் பார்வை டிவிக்குப் பின்னால் போனது. அங்கே கேம் பெட்டியில் செருகியபடி ஒரு கருப்பு ஹார்ட் டிஸ்க் கிடந்தது. அவன் சேர்த்துவைத்த டிசைன்களைப் போல நாலு மடங்கு அதில் அடங்கும். இத்தனை நாளாக அது அவன் கண்ணில் படாமல் இல்லை. பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான்.

கேம் பெட்டி அருள்தாஸுடையது. ரைஸ்மில்லில் கணக்கு எழுதிக்கொண்டு இளஞ்செழியன் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருந்தவன். டிஸ்க் மட்டும் இருவரும் சேர்ந்து வாங்கியது. வாங்கிய அன்று கடை வாசலிலேயே அருள்தாஸ், "இதுல பாதி உன்துடா, எப்ப வேணும்னாலும் கேளு" என்றான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பொட்டலத்தைப் பிரித்த கையோடு கால்பந்து ஆட்டம் ஆரம்பித்துவிடும். இளஞ்செழியனின் அணிக்கு முந்தி எப்.சி. என்று பெயர். அருள்தாஸின் அணி தவுடு யுனைடெட். இரண்டும் உலகக் கோப்பை ஆடுகிற அணிகளைப்போல அவ்வளவு மரியாதையாகப் பேசப்பட்டன. தெருவில் போகிறவர்கள் சத்தம் கேட்டு, உள்ளே நாலு பேர் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். இளஞ்செழியனின் அம்மா இறந்துபோன வருடம் அது. அந்தச் சத்தம் மட்டும் இல்லையென்றால் தான் என்ன ஆகியிருப்போம் என்று அவன் பிறகு பலமுறை யோசித்திருக்கிறான்.

அப்புறம் அருள்தாஸுக்குக் கல்யாணம் ஆனது. மனைவிக்கு ஓசூரில் வேலை. சாமான் வண்டி வாசலில் நிற்க, கேம் பெட்டியை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். சீசனில் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி இருந்தது. முந்தி எப்.சி.யும் தவுடு யுனைடெட்டும் மோதும் பைனல்.

"நான் வர்ற வரைக்கும் பைனல தொடாத" என்று வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னான். "தொட்டா தெரிஞ்சிடும் எனக்கு."

அடுத்த வாரம் வரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை. அதற்கடுத்த தீபாவளிக்கு வாழ்த்துப் படம் வந்தது. இளஞ்செழியன் பெட்டியைத் துடைத்து, மாதம் ஒருமுறை போட்டுப் பார்த்து, இரண்டு அணிகளின் பெயரும் அருகருகே நிற்கிற திரைவரைக்கும் போய்த் திரும்பிவிடுவான். தொடவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவன் செய்கிற காரியமா இது என்று அவனுக்கே சிரிப்பு வரும். ஆனாலும் தொடவில்லை.

பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தமிழ்ச்செல்வியிடம் கேட்டான். கேம் பெட்டிக்கு ஒரு டிஸ்க்கைக் கொடுத்தால் அது முழுசாகத் தனக்கே வைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டரோடு பங்கு போடாது, மொத்தமாக அழித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். மனம் ஒப்பவில்லை. தறி வீட்டில் பிறந்தவன் அவன். அங்கே நீளவாக்கில் ஓடும் பாவு இழை தீர்ந்தால் யாரும் தறியை மொத்தமாகக் காலி செய்வதில்லை. சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் கோத்த பழைய இழைகளைக் கொஞ்சம் விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை அதன் நுனியோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். பழசு இருக்கும், புதுசும் ஓடும். ஆயிரக்கணக்கான இழைக்குச் செல்லுபடியாகிற விஷயம் ஒரு டிஸ்க்குக்கு ஆகாதா என்று நினைத்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினான். டிஸ்க்கை இரண்டாகப் பிரிப்பது எப்படி என்று ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். நடுவில் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. டிஸ்க்கை ஆரம்பிக்கலாமா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு சரி என்று அழுத்தினான். பாதியைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு, மறுபாதியைத் தொடாமல் விட்டான். ரொம்ப நியாயமாக நடந்துகொண்ட திருப்தியோடு டிஸ்க்கைத் திரும்பக் கேம் பெட்டியில் செருகினான். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முடியாது, முழுவதும் அழித்துத் தயார்செய்யவா என்று பெட்டி கேட்டது. கழற்றி மாட்டினான். துடைத்து மாட்டினான். அதே கேள்வி.

தமிழ்ச்செல்வியிடம் ஓடினான். அந்தச் சரியை அழுத்தியபோதே டிஸ்க்கில் இருந்த ஆட்டம் அழிந்துவிட்டது, போனது போனதுதான் என்றாள் அவள். ஆனால் இதுவரை ஆடிய கணக்கெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும், ஆட்டத்தை மறுபடி இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கு அந்த ஆட்டத்தை வாங்கியவரின் பாஸ்வேர்டு வேண்டும்.

வெளியே வந்து மார்க்கெட் சுவரோரம் நின்றான். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. அருள்தாஸுக்குப் போன் செய்ய இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மூன்றாவது முறை அடித்தபோது அருள்தாஸ் எடுத்தான். "இன்னாடா, எப்டிக்கீற?" அதே குரல். பின்னால் பெரிய கூட்டம் ஆரவாரித்தது. எங்கேயோ மைதானத்தில் இருக்கிறான் என்று நினைத்த இளஞ்செழியனுக்கு, ஒரு நொடியில் அந்த ஆரவாரம் பிடிபட்டுவிட்டது. கோல் விழுந்தால் எழும்பி, நடுவில் ஒரு ஊதல் கேட்டு அடங்கும். ஞாயிறு ஞாயிறாகக் கேட்ட சத்தம்.

டிஸ்க் விஷயத்தைச் சொன்னான். அழித்ததற்கு மன்னிப்புக் கேட்டான். பாஸ்வேர்டு கொடுத்தால் எப்படியாவது திரும்ப ஏற்றி, பைனலை அப்படியே வைத்திருப்பதாகச் சொன்னான்.

"எந்த பைனல்?" என்றான் அருள்தாஸ்.

இளஞ்செழியன் விளக்கவில்லை. பழைய ஆட்டம் ஒன்று என்றான்.

"டேய், அதுக்கா இவ்ளோ பேஜார் பண்ணிகினுகீற? நான் புதுசு வாங்கிட்டன்டா, எங்க ஆபீஸ் பசங்கதான் இப்ப வந்து ஆடிகினுகீறாங்க. அந்தப் பெட்டிய நீயே வெச்சிக்கோ. டிஸ்க்க மொத்தமா அழிச்சிடு. நீயும் யார்னா கூட சேந்து ஆடு, தனியா ஒக்காந்துகினு இருக்காத."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதில் ஒரு குறையும் இல்லை. யார்னா என்பது யார் என்று மட்டும் இளஞ்செழியனுக்குத் தெரியவில்லை. சரிடா என்றான். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அங்கே இன்னொரு கோல் விழுந்தது.

அன்று சாயந்திரம் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, தன் பாதியில் யானைகளை முதலில் ஏற்றினான். கேம் பெட்டியின் மேல் அம்மா நெய்த பழைய துண்டு ஒன்றைப் போர்த்தினான். இரண்டு கன்ட்ரோலர்களையும் சேர்த்துச் சுற்றி வைக்கலாம் என்று எடுத்தவன், ஒன்றை மட்டும் சுற்றிவிட்டு மற்றதைச் சோபாவின் அந்த ஓரத்திலேயே வைத்தான்.

ஆடி மாதம் முடிந்து கல்யாண ஆர்டர்கள் குவிந்ததில் அவனுடைய பாதியும் நிறைந்துபோனது. புது டிஸ்க் வாங்கப் போனபோது தமிழ்ச்செல்வி பழையதை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள். திரையில் நீளமாக ஒரு பட்டை தெரிந்தது.

"அண்ணா, புதுசு எதுக்குங்க? இதுல பாதி சும்மாவே கெடக்குது. ஒரே ஒரு கிளிக்கு, சேத்துடட்டுமா?"

"வேணாம்மா" என்றான் இளஞ்செழியன். "அது வேற ஆளுது."

அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுப் புது டிஸ்க் எடுக்க உள்ளே போனாள். திரையில் பட்டை அப்படியே இருந்தது. இந்தப் பக்கம் பார்டரும் முந்தியும் யானையுமாக நெருக்கியடித்து நீலம். அந்தப் பக்கம், ஒரு புள்ளிகூட வைக்காத கருப்பு.