வண்டிக்கு அடியில் மட்டும் மெழுகின தரை

முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை உருவ மாதன் குனிந்த நேரம், நவுஷாத் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கால் போய்க்கொண்டே இருந்தது. அடித்தகரத்தில் முட்டித்தான் நின்றது.

"டேய், கல்ல எடுக்காத! கைய எடு, கைய எடு!"

மாதன் பதறிப்போய்ப் பின்வாங்கினான். நவுஷாத் இன்னும் ரெண்டு தரம் மிதித்தார். சனியன், காற்றை மிதிப்பதுபோல் இருந்தது. "யா அல்லா, இன்னிக்கேவா?" என்று ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

பின்னால் சாக்கு விரித்த சீட்டில் மாதனின் பெண்டாட்டி வெள்ளச்சி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் சனியும் கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். போன மழைக்குப் பாதை அறுத்துக்கொண்டபோது அப்படித்தான் ஆயிற்று. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிழைத்தது பெரும்பாடு. வெள்ளிமலைக்குப் போய்விட்டால் பஸ் இருக்கிறது. ஆனால் இந்த ஊருக்கும் வெள்ளிமலைக்கும் நடுவில் கிடப்பதை ரோடு என்று சொல்ல வாய் கூசும். அதில் இறங்க நவுஷாத்தின் கிழட்டு ஜீப்பை விட்டால் வேறு நாதியில்லை.

நவுஷாத்துக்கு வடக்கனந்தலில் மளிகைக் கடை. திங்களும் வெள்ளியும் சாயங்காலம் மலைக்குச் சரக்கு ஏற்றிவருவார், மாதன் வீட்டில் படுப்பார், காலையில் வெள்ளச்சியை ஏற்றிக்கொண்டு இறங்குவார். வண்டியில் எது நல்லாயிருக்கிறது என்று கேட்டால் ஹாரன் என்று சொல்லலாம். செல்ப் எடுக்காது, உருட்டிவிட்டால்தான் கிளம்பும், அதனால்தான் மூக்கைச் சரிவில் வைத்து, கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்துவது. ரேடியேட்டர் குழாயில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். எஞ்சின் ஆயில் சொட்டும், கியர் ஆயில் கசியும். வீட்டு வாசலெல்லாம் கறை என்று அவர் பெண்டாட்டி ஆசியா பீவி தினம் ஒரு பாட்டு பாடுவாள். இந்த ஐம்பது வயசில் தினமும் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்வருவது மனுசன் செய்கிற வேலையா? இடுப்பு விட்டுப்போகிறது. சத்தியமாக அலுத்துவிட்டது அவருக்கு.

"பஸ்ஸு போயிடுமா பாய்?" என்றாள் வெள்ளச்சி.

"போவாதும்மா. நீ இறங்கி நெழல்ல குந்து."

சாக்கை உருவிக் கீழே விரித்து உள்ளே நுழைந்தார். தரையைப் பார்த்தார். கறை எங்கே விழுந்திருக்கிறதோ அங்கேயிருந்துதானே தேட ஆரம்பிக்கணும்? கறுப்பு என்றால் எஞ்சின், நாற்றமடிக்கிற கெட்டி என்றால் கியர், தண்ணிபோல ஓடினால் பிரேக். ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை. பச்சைச் சாணி போட்டு வழவழவென்று மெழுகியிருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. தலையை வெளியே நீட்டி வாசலைப் பார்த்தார். வாசல் முழுக்கப் புழுதி. ஜீப்புக்கு அடியில் மட்டும், ஜீப் அளவுக்கு மெழுகல்.

எவனாவது வண்டிக்கு அடியில் வாசல் மெழுகுவானா?

பின்பக்க இடது சக்கரத்தின் உள்புறம் விரலை வைத்தார். சொதசொத என்று ஈரம். பிரேக் ஆயில் அங்கேதான் ஒழுகியிருக்கிறது. ஆனால் தொட்ட விரல் கறுத்திருந்தது. பிரேக் ஆயில் எதுக்குக் கறுக்கணும்? எழுந்துபோய் பானட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். மூடிக்குள் இருந்த ரப்பர் ஊறின பணியாரம்போல் உப்பிக் கிடந்தது. உள்ளே எஞ்சின் ஆயில்.

பிரேக்குக்குள் எஞ்சின் ஆயில் போனால் ரப்பரெல்லாம் உப்பிக் கெட்டுப்போகும். முதலில் ஒரு கசிவுதான் இருந்திருக்கும். ஊற்ற ஊற்ற ஒழுகல் ஜாஸ்தியாகி, இன்றைக்கு மொத்தமும் போயிற்று. தன் வீட்டு வாசலில் விழுந்த கறுப்பையெல்லாம் எஞ்சின் ஆயில் என்றே அவர் நினைத்திருந்தார்.

"மாதா, இங்க வா. இதுல ஆயில் ஊத்தனது யாரு?"

வெள்ளச்சிதான் வேப்பமரத்தடியிலிருந்து சொன்னாள். "நாங்கதான் பாய். நீங்க வூட்டுல வெச்சிட்டுப் போன கேன்ல இருந்து. கொறயக் கொறய ஊத்திக்கினு வந்தோம். வாசல எங்கூட்டு மனுசன் மெழுகிடும்."

"ஏம்மா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"சொன்னா வித்துடுவீங்களே." மாதன் இப்போது வாயைத் திறந்தான். "இன்னொரு எடத்துல ஒழுவட்டும், தியாகதுருகம் இரும்புக்கடையில எடைக்குப் போட்டுடறேன்னு நீங்கதான பாய் வரும்போதெல்லாம் சொல்றீங்க? சக்கரத்துல ஒழுவறத நான் பாத்துட்டேன். ஆயில்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சிட்டேன் பாய்."

நவுஷாத்துக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. இறக்கத்தில் வருகிற அந்த மூணாவது வளைவில் இது நடந்திருந்தால்? மூணு பேரும் ஓடையில் கிடந்திருப்பார்கள். அறிவிருக்கா உங்களுக்கு என்று கேட்க வாயெடுத்தார். மாதனின் விரல் இடுக்கில் சாணி காய்ந்திருந்தது. பொழுது விடியுமுன்னே ஒரு ஆம்பிளை ஜீப்புக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து மெழுகியிருக்கிறான். கோபம் வந்த வழியே போய்விட்டது. அலுப்புதான் மிச்சம்.

"இடுக்கி எடுத்துக் குடு" என்றார்.

இடது சக்கரத்துக்குப் போகிற பைப்பை மடித்து, நசுக்கி, அடைத்தார். மீதி மூணு சக்கரம் பிடித்தால் போதும். கறுப்பு ஆயிலை வடித்துவிட்டு, டூல் பெட்டியில் கிடந்த அரை பாட்டில் நல்ல பிரேக் ஆயிலை ஊற்றினார். மாதனை ஏற்றி உட்காரவைத்து, "மிதி, அப்படியே புடி, இப்ப விடு" என்று கத்திக் கத்திக் குழாயிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினார். பாதி மிதியில் பெடல் இறுகி நின்றது. உப்பின ரப்பரை நம்பி வேகமாகப் போக முடியாது, ஊர்ந்து போகலாம்.

வெள்ளச்சி ஏறும்போது வீங்கின காலைக் காட்டிச் சிரித்தாள். "எனக்குள்ள போற தண்ணி வெளிய வரமாட்டேங்குது, உங்க வண்டியில ஊத்தறது உள்ள நிக்க மாட்டேங்குது. ரெண்டு பேரையும் ஒரே டாக்டருகிட்ட காட்டலாம் பாய்."

இறக்கம் முழுக்க ஒன்றாம் கியர். பக்கத்திலேயே மாதன் கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தான். வளைவுக்கு வளைவு சக்கரத்துக்கு முன்னால் போட்டான், எடுத்தான், மறுபடி ஓடிவந்தான். வெள்ளிமலை வந்தபோது அவன் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது.

ரெண்டு பேருமாக அவளைத் தாங்கி ஏற்றினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் தலையை வெளியே நீட்டினாள்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் வருவீங்களா பாய்?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது, எடைக்குப் போட்டுடறேன் என்கிற பழைய வார்த்தை. அதை எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! அலுப்பில் விடுகிற பெருமூச்சு மாதிரிதான் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு ரெண்டு உயிர் தூங்காமல் கிடந்திருக்கிறது.

"வரேம்மா. எல்லா ரப்பரையும் மாத்திக்கினு வரேன்" என்றார். பிறகு படியில் கால் வைத்த மாதனின் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இனிமே வண்டிக்கு அடியில மெழுகாத. ஒழுவுனா ஒழுவட்டும், அப்படியே வுடு. வித்துட மாட்டேன்."

மாதன் தலையாட்டினான். கண்டக்டர் விசிலடித்தார்.