வாசல் வழியாக வராத வாசகர்கள்

கிளை நூலகத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் முதன்முதலாக இதயக்குறி அழுத்திய முடிதிருத்துபவர், அழுத்திய நொடியிலேயே தன் கடையின் சுழல் நாற்காலியோடு வாசிப்பு அறையில், நாளிதழ் மேசைக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் வந்து இறங்கினார். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. தோளில் துண்டு, கையில் கைபேசி. நூலகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உறுப்பினர் அட்டை இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். பர்ஸுக்குள் ஊறிப்போய் இருந்தது. சரியென்று உட்காரச் சொன்னார். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

பக்கம் தொடங்கியது ஆசைக்காக அல்ல. மூன்று மாதத்தில் ஆய்வுக்கு வருவோம், அன்று நாற்பது வாசகர் கையெழுத்து இல்லையென்றால் கிளையை மூடிப் புத்தகங்களைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. சமூக ஊடகம் வழியாக வாசகர்களை எட்டவும் என்று கடைசி வரியில் ஒரு யோசனை வேறு. நூலகர் அந்த அறையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். அதை மூடினால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது. தங்கை மகள்தான் வந்து பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். "பெரியம்மா, புத்தகத்துக்குப் பக்கத்துல ஒரு பூ, ஒரு காபி கப் வெச்சு அழகா போட்டோ போடுங்க" என்றாள். நூலகத்துக்குள் காபிக்கு அனுமதி கிடையாது. அதனால் நூலகர், ஒரு புத்தகத்தின் முகம் என்று தான் நினைத்ததைப் படமெடுத்துப் போட்டார். கடைசி அட்டையில் ஒட்டிய தவணைச் சீட்டு. கோணல்மாணலாக முத்திரை குத்திய, புத்தகம் திரும்ப வேண்டிய தேதிகள். கீழே ஒரு குறிப்பு: "கடைசியாக வெளியே போய் ஆறு வருடம். இரண்டு நாள் தாமதமாகத் திரும்பியது. கோபமில்லை."

தங்கை மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஊரில் ஆளாளுக்கு அந்தத் தேதிகளில் தங்கள் தேதியைக் கண்டுபிடித்தார்கள். பரீட்சையில் கோட்டைவிட்ட வாரம், முதல் குழந்தை பிறந்த வாரம், வேலை போன வாரம். கண்டுபிடித்தவர்கள் அழுத்தினார்கள், அழுத்தியவர்கள் இருந்த இருக்கையோடு வந்து சேர்ந்தார்கள். வங்கிக் காசாளர் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உருண்டு வந்து அகராதி அலமாரியில் முட்டினார். ஒரு கணவனும் மனைவியும் சோபாவோடு, பாதிச் சண்டையில் வந்தார்கள். 'அமைதி' பலகையைப் பார்த்ததும் மீதிச் சண்டையைக் கிசுகிசுவென்று போட்டு முடித்தார்கள். படித்துவிட்டு எல்லோரும் நடந்தே வீடு போனார்கள். இருக்கையைத் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டவர்கள் அதை அங்கேயே விட்டார்கள். நூலகர் அவற்றுக்கும் எண் எழுதி ஒட்டினார். 'வண்டி ஓட்டும்போது அழுத்த வேண்டாம்' என்று பக்கத்தில் ஓர் அறிவிப்பும் போட்டார்.

ஆய்வு நாளன்று வந்த அதிகாரி கெட்டவர் இல்லை, விதிமுறைக்காரர், அவ்வளவுதான். அன்றும் அழுத்தி வந்து உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலிகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வாசல் வழியா உள்ளே வந்தவங்கதாம்மா வாசகர். மத்தவங்களை நான் எப்படிக் கணக்குல எடுத்துக்கிறது?" என்றார். நூலகரால் மறுக்க முடியவில்லை. அவரே விதியோடு குடித்தனம் நடத்தியவர். எல்லோரையும் வெளியே போய்த் திரும்ப வரச் சொன்னார். வரிசையாகப் போனார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். முப்பத்தொன்பது. மணி நாலரை. ஐந்துக்கு மூடிவிட வேண்டும். நூலகர் கைக்கு அகப்பட்ட புத்தகத்தின் சீட்டைப் படமெடுத்துப் போட்டார்.

வந்தது ஒரு கட்டில். அதன்மேல், எட்டு வருடத்துக்கு முன்னால் மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவு போன தையல்காரம்மா, மருமகளின் கைபேசியோடு படுத்திருந்தார்.

"இந்தக் கடைசித் தேதி என்னுதும்மா" என்றார். "இன்னும் பதினாறு பக்கம் பாக்கின்னு கெஞ்சினேன். இன்னொருத்தர் கேட்டிருக்காங்க, தர முடியாதுன்னு வாங்கி வெச்சுட்டீங்க. அன்னைக்குச் சாயங்காலம்தான் விழுந்தேன். கதையில அந்தப் பொண்ணு கப்பல் ஏறினாளா இல்லையான்னு தெரியாம எட்டு வருஷமா சுவத்தைப் பாத்துட்டு இருக்கேன்."

கேட்டிருந்த அந்த இன்னொருத்தர் புத்தகத்தை எடுக்க வரவே இல்லை. நூலகருக்கு அது நினைவிருந்தது. இருபத்தாறு வருடத்தில் செய்த சரியான வேலைகளிலேயே இதுதான் பெரிய தப்பு என்று தோன்றியது. "மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், புத்தகத்தை எடுங்க."

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். வாசல் என்றார். முடிதிருத்துபவர் அதற்குள் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்திருந்தார், காசாளர் கால்மாட்டை. சண்டைக்காரக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம். இரட்டைக் கதவில் ஒன்றை மட்டுமே திறந்து பழக்கம், கட்டில் நுழையவில்லை. இன்னொரு கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளை நூலகரே செருப்பால் அடித்துத் திறந்தார். வெளியே கொண்டுபோனார்கள். தையல்காரம்மா தெருவையும் வானத்தையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும் என்றார். பார்க்க விட்டார்கள். அதிகாரியும் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றார். பிறகு உள்ளே தூக்கி வந்தார்கள். படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

மூடும் நேரம் தாண்டியும் அன்று நூலகர் பதினாறு பக்கங்களையும் சத்தமாகப் படித்தார். அந்தப் பெண் கப்பல் ஏறவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார் தையல்காரம்மா, திருப்தியாக.

கிளை மூடப்படவில்லை. அடுத்த ஆண்டு தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் புதிய வருகைப் பதிவேடு அனுப்பியது. அதில் 'வந்த விதம்' என்று ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. பெரும்பாலானவர்கள் நடந்து என்றும், சைக்கிள் என்றும், கைபேசி என்றும் எழுதுகிறார்கள். தையல்காரம்மா வாரத்துக்கு மூன்று நாள், நல்ல குண்டு கையெழுத்தில், 'படுத்துக்கொண்டு' என்று எழுதுகிறார்.