தீவுக்கு இரண்டு வேர்

பக்கவாதத்தில் விழுந்து மருத்துவமனையில் கிடந்த மெர்சிக்குப் பேச்சு பாதிதான் திரும்பியிருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் பெரியநாயக்கன்பாளையம் சென்று பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க வேண்டும் என்பதையே அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். இனி அவளால் வகுப்பெடுக்க முடியாது என்று முந்தைய நாள் மருத்துவர் கூறியிருந்தார். கணவன் ஜெரோம் அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜெரோம் பீளமேட்டுக் கல்லூரியொன்றில் ஆங்கில விரிவுரையாளன். மணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. தோற்றத்தில் ஒத்த இரு ஆங்கிலச் சொற்களை ஒருவர் சொல்ல, அவை ஒரே வேரிலிருந்து பிறந்தவையா என்று மற்றவர் கூற வேண்டும். விடை சரியானாலும் ஜெரோம் காரணம் கேட்பான். தவறானால் விட்டுக்கொடுக்கவே மாட்டான். அவள் காய்ச்சலில் கிடந்தபோதும் அகராதியைக் கட்டிலில் விரித்துக் காட்டியவன் அவன்.

"கேளுங்க," என்றாள் மெர்சி.

"மேல், ஃபீமேல்?"

"வேற... வேறங்க."

"எப்படி?"

"ரெண்டும் லத்தீன். ஆனா வேற வேற சொல்லு. பின்னால வந்தவங்க... ஒண்ணாட்ட எழுதிப்போட்டாங்க."

விரிப்பு மாற்ற வந்த ஆயா பொன்னாத்தாள் சிரித்தாள். "ஏனுங் சார், ஆசுபத்திரிலயும் அம்மணிக்குப் பரிச்சைங்களா? ஃபெயிலானா கஞ்சி கெடையாதுன்னு சொல்லிப்போடுவீங்களாட்ட இருக்குது!"

மெர்சியும் உதட்டின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். "இன்னொண்ணு."

அவள் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விளக்கும் எளிய இணையையே அவன் தேர்ந்தான். "ஐலண்ட், ஐல்?"

இரண்டும் தீவைக் குறிப்பவை. முன்னது பழைய ஆங்கிலச் சொல். பின்னது லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியே வந்தது. அவை உறவென்று கருதி, முன்னதற்குள்ளும் ஒலிக்காத எஸ் எழுத்தைப் புகுத்தினர். பிழை நிலைத்துவிட்டது.

"ஒண்ணுதானுங்க," என்றாள் மெர்சி, தயங்காமல்.

ஜெரோம் சன்னலைப் பார்த்தான். "சரி."

"பாஸுங்களா!" என்று சொல்லிப் பழைய விரிப்புடன் பொன்னாத்தாள் வெளியேறினாள்.

மெர்சி சிரிக்கவில்லை. "எப்படின்னு... கேக்கலியே."

"அதான் சரியாச் சொல்லிப்போட்டியே."

"தப்புங்களா?"

அவன் புது விரிப்பின் மடிப்பை நீவினான்.

"தப்புன்னா விடமாட்டீங்களே நீங்க." அவள் குரல் தணிந்தது. "டாக்டர் என்ன சொன்னாருங்க?"

அவன் அவளுடைய உணர்வற்ற கையைப் பற்றிக்கொண்டு, எதையும் விடாமல் சொன்னான். முடிந்த பிறகுதான் அவள் கேட்டாள்:

"அப்ப பத்தாவதுக்கு... யாருங்க?"