சாமிக்கு ஒரு சுற்று, எனக்கு மூன்று

"சீசன் வரட்டும். அம்மாட்ட நானே சொல்லுதேன்."

"எந்த வருச சீசன்?"

"இந்த வருசந்தான். குத்தாலத்துல தண்ணி விழுந்துட்டா எங்கம்மா வேற ஆளு. அன்னைக்கு எதைக் கேட்டாலும் சரிம்பா."

"முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. நானே கேட்டுக்கிடுதேன்."

"ஏட்டி, வந்து மூணு மாசம் ஆகல. நீ போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்? என்னை நம்பு."

முத்துவடிவு நம்பினாள். அப்போது அவளும் சுந்தரபாண்டியனும் மெயின் அருவிக்கு எதிரே, காய்ந்த பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். மேலேயிருந்து நூல் மாதிரி ஒரு ஒழுக்கு. சித்திரை மாதத்துக் குற்றாலத்துக்குப் புதுசாய்க் கல்யாணமானவர்களையும் குரங்குகளையும் தவிர வேறு யாரும் வர மாட்டார்கள். அது எண்பத்தொன்றாம் வருடம்.

அதன் பிறகு இரண்டு சீசன் வந்து போய்விட்டது. சுந்தரபாண்டியன் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை.

அவனைக் குறை சொல்லவும் அவளுக்கு மனசு வராது. அவனுடைய அப்பா மாடக்கண்ணு போலீசில் ஏட்டாக இருந்தவர். ஒரு தேரோட்டத்துக்குப் பந்தோபஸ்து நின்றவர் உச்சி வெயிலில் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார். வீட்டுக்குத் தூக்கிவந்தபோது உயிர் இல்லை. காரியம் முடிந்த மறுநாள், மாமியார் உச்சிமாகாளி அவருடைய உடுப்புகளை மூட்டையாகக் கட்டி வெளியே வைத்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுக் கொடியில காக்கி காயக் கூடாது" என்று சொன்னாளாம். போலீசுக்கு வேண்டிய உயரமும் மார்பும் இருந்த மகனிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவனும் அச்சன்புதூர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்துவிட்டான்.

அந்த வீட்டு மருமகளுக்குத்தான் போலீசில் சேர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் முத்துவடிவுதான். பத்தாவது முடித்துச் சில வருடம் வீட்டோடு இருந்தவள் பெண் போலீசுக்கு மனுப் போட வேண்டும் என்று கேட்டதற்கு அவள் அப்பா அவசரமாக மாப்பிள்ளை பார்த்துவிட்டார். இந்த வருடம் தை மாதம் ஆள் எடுப்பு அறிவிப்பு வந்தபோது, வயது வரம்பு தாண்ட அவளுக்கு ஐந்து மாதமே பாக்கி. இதை விட்டால் பிறகு கேட்பதற்கே ஒன்றும் இருக்காது. சுந்தரபாண்டியன்தான் மனுவை வாங்கிவந்து, தன் ஆபீஸ் முகவரியைப் போட்டு அனுப்பினான். சித்திரை பிறந்ததும் கடிதம் வந்தது. மே மாதக் கடைசியில் பாளையங்கோட்டையில் தேர்வு. மைதானத்தில் இரண்டு சுற்று, எண்ணூறு மீட்டர். நாலு நிமிடத்துக்குள் ஓட வேண்டும்.

அந்தத் தெருவில் ஒரு மருமகள் ஓடிப் பழகுவதற்கு எங்கே போவது? வழியைக் கண்டுபிடித்தவன் சுந்தரபாண்டியன். கோயிலை நாற்பத்தெட்டு நாள் சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னான். என்ன வேண்டுதல் என்று அவன் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டிய மருமகள் எதற்குக் கோயிலைச் சுற்றுவாள் என்று உச்சிமாகாளிக்குத் தெரியாதா? கண் கலங்கிப்போய், "நல்லாச் சுத்திட்டு வாட்டி" என்றாள்.

காலை நாலரைக்குக் காசி விசுவநாதர் கோயில் ரதவீதிகளில் ஆள் நடமாட்டம் இருக்காது. சுந்தரபாண்டியன் ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், முன்சக்கரத்து வால்வு எத்தனை தடவை கீழே வருகிறது என்று எண்ணித் தூரத்தைக் கணக்குப் போட்டான். ஒரு சுற்று எண்ணூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கீழ வீதியில் மொட்டைக் கோபுர வாசலில் அவன் கைக்கடிகாரத்தோடு நிற்பான். அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, கோயிலை வலப்பக்கம் வைத்துத் தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஓடி வருவாள்.

முதல் இருபது நாள் உடம்பு கேட்டது. கத்திரி வெயில் தொடங்கியதும் கேட்கவில்லை. பகலெல்லாம் காய்ந்த தெரு அந்நேரத்திலும் சுட்டது. காற்றில்லாத மேல வீதியில் ஓடும்போது சட்டிக்குள் மூச்சுவிடுவது போல இருக்கும். ராத்திரிப் புழுக்கத்தில் தூக்கமும் கிடையாது. இருபத்தைந்தாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். தொடை இரண்டும் கல்லாகக் கனத்தன.

"இன்னைக்கு விட்ரு, வடிவு" என்றான் சுந்தரபாண்டியன். "உடம்பப் பாரு. வயக்காட்டு மண்ணு மாதிரி வெடிச்சுப்போய்க் கிடக்க."

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல் எவ்வளவு இதமாக இருந்தது என்பதைக் கண்டதும் அவளுக்குப் பயம் வந்தது. இதே இதம் நாளைக்கும் வரும். அவள் எழுந்து முகத்தைக் கழுவினாள். அன்றைக்கு அவள் ஒரு சுற்று ஓடவில்லை. தேரடி வரைக்கும் ஓடினாள், அங்கிருந்து சுடலைக்கண்ணு டீக்கடை வரைக்கும் ஓடினாள், அங்கிருந்து மேல வீதி முக்கு வரைக்கும் ஓடினாள். கடைசித் திருப்பத்தைத் தாண்டினால் மொட்டைக் கோபுர வாசலில் எந்நேரமும் ஒரு காற்று வீசும். அது முகத்தில் அடிக்கும் வரைக்கும் காலை நிறுத்தக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால் அதைவிடக் கஷ்டம். உச்சிமாகாளி ஊறவைத்த வெந்தயத்தையும் நீராகாரத்தையும் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"குடி. சூடு அடிவயித்துல தங்கக் கூடாது. எத்தனை சுத்துட்டி?"

"நாலு, அத்தை."

"நடந்துதான சுத்துத? இப்படி வேர்த்து ஊத்துதே."

"கொஞ்சம் வேகமா நடப்பேன்."

"அவ்வளவு வேகம் எதுக்கு? சாமி எங்கயும் ஓடிறாது" என்று சிரித்து, முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்துவிடுவாள். அந்தக் கை பட்ட இடத்தில் முத்துவடிவுக்கு எரியும். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். 'அத்தை, ஒண்ணு கேக்கணும்' என்பது வரைக்கும் நாக்கில் வந்து நிற்கும். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சுந்தரபாண்டியன் தனக்குத் தெரிந்த டிரில் மாஸ்டர் ஒருவரைப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட மைதானம் காலியாக இருக்கும் என்று அவர் சொன்னார். அந்த வெயிலில் வேறு யார் வருவார்கள்? குற்றாலநாதர் கோயிலுக்குப் போவதாக வீட்டில் இன்னொரு பொய்.

மாஸ்டர் விசிலை ஊதினார். அவள் பாய்ந்தாள். இருபதடி போவதற்குள் மறுபடி விசில்.

"ஏம்மா, எந்தப் பக்கம் ஓடுத? திரும்பு, திரும்பு. மைதானத்துல உள்பக்கம் இடக்கைக்கு இருக்கணும்."

"வலக்கைக்குத்தான சார்?"

"வலக்கைக்கு வைக்க இது என்ன கோயிலா?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். புருசனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தாறு நாள். ஒரு நாள்கூட இருவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கோயிலை வேறு எப்படியும் சுற்றலாம் என்பது அவர்கள் நினைப்பிலேயே இல்லை.

அவள் திரும்பி ஓடினாள். நேர்க்கோட்டில் வேகம் வந்தது; வளைவில் உடம்பு தானாக வலப்பக்கம் சாய்ந்தது. காலும் இடுப்பும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டன. இரண்டாவது சுற்றின் வளைவில் கால் பின்னிச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழுந்தாள். எழுந்து ஓடி முடித்தபோது நாலு நிமிடம் முப்பத்தொரு விநாடி. முழங்காலில் ரத்தம்.

திரும்பி வரும்போது சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "நாளையிலேருந்து இடமாச் சுத்தப்போறேன்."

அவன் சைக்கிளை நிறுத்திவிட்டான். "கோயிலையா?"

"வேற எங்க என்னை விடுவாங்க?"

"வடிவு, இடமாச் சுத்துதது சாவு வீட்டுல. கொள்ளிக்குடத்தோட. யாராவது பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"முதல்ல ஒரு சுத்து வலமா நடந்துருதேன். அது சாமிக்கு. அப்புறம் மூணு சுத்து எனக்கு. சாமி ஒண்ணும் நினைச்சுக்கிடாது."

"சாமியச் சொல்லல. அம்மாவச் சொல்லுதேன்."

"அதத்தான் ரெண்டு வருசமா நானும் சொல்லுதேன்" என்றாள் அவள்.

அவன் மறுபடி சைக்கிளில் ஏறினான். கொஞ்ச தூரம் மிதித்த பிறகு, "தேர்வு அன்னைக்கு உங்கம்மா வீட்டுக்குப் போறதாச் சொல்லிட்டுப் போயிருவோம். செலக்சன் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றான். அவனுடைய முதுகு சட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. வெயிலில் அவளுக்காக அத்தனை தூரம் மிதிக்கிற அந்த மனுசன் மேல் அவளுக்குக் கோபமும் வந்தது, பாசமும் வந்தது.

இடப்பக்கச் சுற்றில் முதல் இரண்டு நாள் கால் தடுமாறியது. மூன்றாம் நாள் ஒரு கிழவர் அவளைப் பார்த்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவள் நாலு மணிக்கே கிளம்பினாள். நாலு நிமிடம் இருபது, நாலு பதினொன்று, நாலு ஐந்து. நாலுக்குக் கீழே மட்டும் இறங்க மாட்டேனென்றது. பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய விநாடிகள்தான் பாக்கி; அவை வெயிலைப் போலவே அசையாமல் நின்றன.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், சாமிக்கான சுற்றை முடித்துவிட்டு, கோபுர வாசலிலிருந்து வடக்கே பாய்ந்தாள். அன்றைக்கு என்னவோ கால் லேசாக இருந்தது. வடக்கு வீதியில் மூச்சு சீராக வந்தது. இடப்பக்கம் திரும்பினாள், உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்து கொடுத்தது. மேல வீதி பாதியில், இன்றைக்கு நாலுக்குக் கீழே வரும் என்று அவளுக்கே தெரிந்தது.

தெற்கு வீதி முக்கில் விளக்குக் கம்பத்தடியில் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் கை. முந்தானையை இழுத்துச் செருகியிருந்த விதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

அத்தை.

நின்றுவிட வேண்டும் என்று மனசு சொன்னது. கால் நிற்கவில்லை. இத்தனை நாளாகத் தேடிய விநாடிகள் அந்தத் தெருவில் இருந்தன. உச்சிமாகாளியின் முகத்தைப் பார்க்காமல், அவளுக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில், முக்கில் திரும்பி ஓடினாள் முத்துவடிவு. "ஏட்டி" என்ற குரல் முதுகில் விழுந்தது. தெற்கு வீதி முழுவதும் அந்த ஒரு சொல்லோடு ஓடினாள். தேரடி, கடைசித் திருப்பம், காற்று.

"மூணு அம்பத்திரண்டு" என்றான் சுந்தரபாண்டியன். "மூணு அம்பத்திரண்டு வடிவு. நான் சொன்னம்லா." அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவளுக்குப் பின்னால், தெற்கு வீதியிலிருந்து அம்மா நடந்து வந்துகொண்டிருந்தாள்.

உச்சிமாகாளி வேகமாக வரவில்லை. வந்து சேரும் வரைக்கும் இருவரும் அசையவில்லை.

"டீக்கடைச் சுடலைக்கண்ணு சொன்னான்" என்றாள். "'மதினி, உன் மருமக பொணஞ் சுத்துத மாதிரி சுத்துதா, அதுவும் ஓடுதா'ன்னு. நாக்கு அழுகிரும்லேன்னு அவனை வைதுட்டு வந்தேன். வைதது தப்பாப் போச்சு."

"யம்மா..."

"நீ சும்மா இரு. ஏட்டி, நீ சொல்லு. வெந்தயமும் நீராகாரமும் வச்சுக்கிட்டு தினமும் காத்துக் கிடந்தேனே, யாருக்குக் கேடு நினைச்சுட்டி இடமாச் சுத்துத? என் வீட்டுக்கா?"

முத்துவடிவுக்கு மூச்சு இன்னும் திரும்பவில்லை. அதற்குள் சுந்தரபாண்டியன் முந்திக்கொண்டான்.

"யம்மா, ஜோசியர் சொன்னாரு. தோசம் இருக்காம். முதல்ல வலமா ஒரு சுத்து, அப்புறம் இடமா மூணு. அப்பத்தான் தோசம் இறங்குமாம். புள்ள தங்குமாம்."

"ஜோசியரா? எந்த ஊரு ஜோசியரு?"

"கடையநல்லூர்ப் பக்கம். சங்கத்துல ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு."

உச்சிமாகாளியின் தோள் மெல்ல இறங்கியது. இடுப்பிலிருந்த கை விலகியது. "அத என்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சா என்னல?" என்றாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "ஆமாவாட்டி?"

அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வெறும் ஆசைதான் இருந்தது. முத்துவடிவு பேசக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். இன்றைக்கும் நீராகாரம் கிடைக்கும். நாளை மறுநாள் அம்மா வீட்டுக்கென்று சொல்லிக் கிளம்பலாம். ஓடலாம். பாஸாகலாம். அதன்பிறகு என்றைக்காவது ஒருநாள் இந்தக் கண்கள் இதே மாதிரி அவளைப் பார்க்கும். அன்றைக்குச் சொல்ல இன்னொரு ஜோசியர் வேண்டும்.

சுந்தரபாண்டியன் அவளைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல, அத்தை" என்றாள் முத்துவடிவு.

"என்ன இல்ல?"

"ஜோசியரெல்லாம் யாரும் இல்ல. புள்ளைக்குன்னு நான் சுத்தவும் இல்ல. நீங்க அப்படி நினைக்கட்டும்னு விட்டுட்டோம். அது தப்பு."

"வடிவு" என்றான் அவன் மெதுவாக.

"நீங்க சொல்லுவீங்கன்னு ரெண்டு வருசம் இருந்துட்டேன். போதும்." செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு அவள் மாமியாருக்கு நேராக வந்து நின்றாள். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. "மாமா வெயில்ல விழுந்தது எனக்குத் தெரியும். கொடியில என்ன காயக் கூடாதுன்னு நீங்க சொன்னதும் தெரியும். தெரிஞ்சேதான் கேக்கேன், அத்தை. நாளக்கழிச்சு பாளையங்கோட்டையில பொம்பளைப் போலீசுக்கு ஆள் எடுக்காங்க. எனக்கு அந்த வேலைக்குப் போகணும். பொய் சொல்லிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. நீங்க சரின்னு சொல்லி என்னை அனுப்பி வையுங்க."