கறுப்புக் கண்ணாடி இல்லாத படம்

சாலைக் கடைத்தெரு முக்கில் என் வீட்டுக்காரருக்கு அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். பெயர் சொரிமுத்து, அரிசிக் கடை, எல்லாம் சரி. படம்தான் அவருடையது இல்லை. கறுப்புக் கண்ணாடியும் ஏறிய ஒற்றைப் புருவமுமாக நடிகர் ராஜகம்பீரன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நடிகர் செத்தே முப்பது வருஷம் ஆகிறது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்காரர் கடையில் விழுந்து உயிர் போன நாளிலிருந்து எனக்கு எதுவுமே வரவில்லை, அழுகையும்தான். அதையும் ஊரார் பேசினார்கள். பேசட்டும்.

பேனர் அடித்த மலையாளத்துப் பையன் பிரபின் தலையைச் சொறிந்தான். "சேட்டன்டெ வாட்ஸ்ஆப் படம் இதல்லே, சேச்சி? சின்னப் பிராயத்துல எடுத்ததுன்னு நெனச்சு."

அவனைச் சொல்லி என்ன? தெருவில் போனவர்களும் அதைக் கும்பிட்டுவிட்டு, "முத்து அண்ணாச்சிக்கு என்ன களை!" என்றுதானே போனார்கள்.

"போட்டும் மைனி. அண்ணனுக்கு அவருன்னா உயிரு. இதே இருக்கட்டும்" என்றான் கொழுந்தன் பகவதிப்பெருமாள்.

"நாளைக்குப் பதினாறு. நான் எவனோ ஒருத்தனுக்கா மாலை போடணும்? எனக்கு அவரு மூஞ்சி வேணும், பெருமாளு."

பீரோவைக் கவிழ்த்தோம். கல்யாணப் படத்தில் அந்த நடிகர் மாதிரியே புருவம் ஏறியிருந்தது. கல்லாற்றுப் பாறையில் எடுத்ததில் இடுப்பில் கை, முகம் ஒரு பக்கம் சாய்ந்து. மகள் ரேஷ்மியின் காதுகுத்துக்கு வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. ராஜகம்பீரன் இன்றும் நிலைத்து நிற்பது எதனால் என்று பத்திரிகையில் வருஷா வருஷம் எழுதுகிறார்கள். நடிப்பாம், குரலாம். மண்ணாங்கட்டி! என் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள் சொந்த மூஞ்சியையே தூக்கிக் கொடுத்தால், எந்த மனுஷன்தான் நிலைக்கமாட்டான்?

கடைசியில் ஆதார் அட்டை அகப்பட்டது. படம் எடுத்த பெண் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, நேரே பார்க்கச் சொல்லி அதட்டியிருக்கிறாள். ஒரு கண் கொஞ்சம் சின்னது. வாயில் லேசான பயம். திருடன் மாதிரி இருக்கிறது என்று அவர் அதை யாருக்கும் காட்டமாட்டார். காலையில் எழுந்து, கண்ணாடியைத் தேடுவதற்கு முன்னால், காப்பிக்கு என் எதிரே உட்காரும் மூஞ்சி அது.

பிரபின் அதைப் பெரிதாக்கிக் கட்டினான். எத்தனையோ வருஷமாக எங்களிடமே அரிசி வாங்கும் வலியசாலை சேஷன் பையோடு வந்து நின்று பார்த்தார்.

"இது யாராக்கும்? பாத்த முகமா இல்லையே" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.