நைஸ் டீச்சர்

காட்டூர்ப் பள்ளி ஒன்றில் வெகு வருஷமாக இங்கிலீஷ் நடத்துகிற டெல்பினை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. போன ஜூனில் சேர்ந்த லிசியை மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ் ஸ்டாஃப் மீட்டிங்கிலேயே, "லிசி ரொம்ப நைஸ்" என்று சொல்லிவிட்டார். டெல்பினுக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்தபோது பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தாள்.

"நைஸ்ங்கிற வார்த்தையோட வேர் லத்தீன்ல இருக்கு. ஒண்ணும் தெரியாத ஆள்னு அர்த்தம். இங்கிலீஷ்லயும் முதல்ல முட்டாளைத்தான் நைஸ்னு சொன்னாங்க. நல்லவங்கங்கிற அர்த்தமெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது."

லிசியின் முகம் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டாள்.

"அப்ப ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் என்னைச் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க! அக்கா, இதை என் கிளாஸ்ல வந்து சொல்றீங்களா? பிள்ளைங்க ரசிப்பாங்க."

மறுக்க வழியில்லாமல் டெல்பின் போனாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த லிசிதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினாள். இவளிடம் ஒரு குறைகூடக் கிடைக்காதா என்று டெல்பினுக்கு ஆத்திரம் பொங்கியது.

சாயங்காலம் பஸ்ஸில் லிசி பக்கத்தில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். காதில் விழாதவள் மாதிரி, டெல்பின் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.